வாசல் வரைக்கும் எத்தனை மணி நேரம்?

தனலட்சுமி அக்காவைச் சாலை போடாதவர்கள் கொன்றார்கள். மருத்துவர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். வழியில் ஆன தாமதத்தை அவர் எழுதவில்லை.

அரூரில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த விமான டிக்கெட் கடையை அந்தத் திங்கட்கிழமை காலையில் நான்தான் திறந்தேன். சனிக்கிழமை சித்தேரி மலைமேல் இருக்கும் தன் ஊருக்குப் போன அக்கா, முதல் பஸ்ஸில் திரும்பியிருக்க வேண்டும். அவருடைய தம்பியின் போன்தான் வந்தது. "அக்கா போயிருச்சுங்க. ஆம்புலன்சு தார் ரோடு முடியுற எடத்துலயே நின்னுருச்சு. போர்வையில கட்டித் தூக்கினு எறங்கினோம். பாதி வழியிலயே..."

அவரிடம் டிக்கெட் எடுத்த உங்களுக்குத் தெரியும். அச்சடித்த தாளில் பெங்களூரிலிருந்து துபாய்க்கு நான்கு மணி நேரம் என்றிருக்கும். அக்கா தாளைத் திருப்பி, பேனாவால் இன்னொரு நேரம் எழுதுவார். ஊரில் பஸ் ஏறுவது, விமான நிலையத்தில் காத்திருப்பது, அங்கே இறங்கி வரிசையில் நிற்பது, கம்பெனி வண்டி அறை வாசலில் கொண்டுபோய் விடுவது வரை எல்லாம் கூட்டிய நேரம். "பிளேன் நேரம் பிளேனுக்குங்க. உங்க நேரம் வேற" என்பார்.

காரிமங்கலத்துக் கொத்தனார் ஒருவர் டிக்கெட்டில் இருந்த கிளம்பும் மணியையும் இறங்கும் மணியையும் கழித்துப் பார்த்துவிட்டுச் சண்டைக்கே வந்தார். "ஏம்மா, போவ ரெண்டரை மணி நேரம், வர அஞ்சு மணி நேரமா? எந்தச் சுத்து ரோட்டுல இட்டாரப் போறாங்க?"

அக்கா சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, முள்ளை ஒன்றரை மணி பின்னால் திருப்பிக் காட்டினார். "இப்ப துபாயில மணி இதுங்கண்ணா. அந்தந்த ஊரு மணியத்தான் போட்டிருக்காங்க. போறப்ப எதிர்காத்து, அரை மணி கூட ஆவும். மத்தபடி வானத்துல சுத்து ரோட்டுக்கு இன்னும் டெண்டர் வுடல."

கொத்தனார் சிரித்துக்கொண்டே போனார்.

இண்டூர்க்காரர் ஒருவருக்குத் தாய் இறந்தபோது துபாயில் இரண்டே நாள் விடுப்பு கொடுத்தார்கள். நான்கு மணி நேரப் பயணம்தானே என்றாராம், தமிழ் தெரிந்த கம்பெனி மேலாளர். அக்கா அந்த மேலாளருக்கே போன் செய்தார். "சார், அவரோட அம்மா ஏர்போர்ட்டுல சாவலீங்க. இண்டூர்ல செத்தாங்க. இண்டூருக்கு எத்தன மணின்னு நான் சொல்றேன், எழுதிக்குங்க." குரல் ஒருமுறைகூட உயரவில்லை. ஐந்து நாள் கிடைத்தது. நானாக இருந்தால் கத்தியிருப்பேன். அந்த இரண்டு நாளும் போயிருக்கும்.

சொந்த ஊருக்குத்தான் அவரால் எதையும் வாங்க முடியவில்லை. தார் ரோடு முடியும் இடத்திலிருந்து ஊர் வரைக்குமான ஐந்து கிலோமீட்டர் சாலைக்காக எத்தனையோ முறை மனு கொடுத்தார். "அஞ்சே கிலோமீட்டர்தானம்மா?" என்று ஓர் அதிகாரி என் எதிரிலேயே கேட்டார். "ஒருக்கா எங்ககூட நடந்து வாங்க சார். கிலோமீட்டரு தானா வளரும்" என்றார் அக்கா. அதிகாரி வரவில்லை. வந்திருந்தால் வேர்களையும் பாறைகளையும் பார்த்திருப்பார்.

கத்தாமல், நகராமல் கேட்கும் பழக்கம் ஒன்றைத்தான் அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். போன வாரம் அவருடைய ஊர்க்காரர்களுடன் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனேன். அதிகாரி மனுவில் முத்திரை குத்திவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

"ரோடு என்னிக்கு முடியும்? தேதியப் போட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்."