குதிகால் இறங்கும் வரை

கூட்டம் கூடுவது கிட்டார்காரருக்காக. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். போஸ்டரில் ஆளுயரத்துக்கு அவர் படம்தான் இருக்கும்: கண்ணை மூடி, பல்லைக் கடித்து, யாரோ கடைவாய்ப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி ஒரு முகம். அவருக்குப் பின்னால், வெளிச்சம் விழுந்தும் விழாமலும், நான்கு தடித்த கம்பிகள் போட்ட கிட்டாரை மாட்டிக்கொண்டு ஒருவர் நிற்பார். சுவரில் இடம் போதாவிட்டால் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் மடித்துவிடுவது அவர் நிற்கும் பக்கத்தைத்தான். இந்தக் கதை அந்த மடிப்புக்குள் போன ஆளைப் பற்றியது.

குழுவில் அவருக்குப் பட்டப்பெயர் கேள்விக்குறி. வருஷக்கணக்காக கனத்த பேஸ் கிட்டாரைத் தோளில் சுமந்து முதுகு அந்த வடிவத்துக்கு வந்துவிட்டது என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம் வாய். கேட்காமல் இருக்க முடியாது மனிதருக்கு. லிஃப்ட் ரிப்பேர் பார்க்க வந்தவனிடம் கயிறு எப்போது மாற்றுவார்கள் என்று கேட்பார். ஹோட்டலில் தலையணை ஏன் எல்லா ஊரிலும் ஒரே வாடை அடிக்கிறது என்று கேட்பார். வேனை ஓட்டும் டிரம்ஸ்காரர்தான் பாவம். "இந்த ஊர்ல ஏன் எல்லா ஜன்னலும் உள்பக்கமா திறக்குது?" என்று பின்சீட்டிலிருந்து குரல் வரும். "வண்டியை நிறுத்தறேன், இறங்கிப் போய்க் கேட்டுட்டு வாங்க" என்பார் டிரம்ஸ்காரர். உண்மையிலேயே நிறுத்தினால் இவர் இறங்கிப் போய்விடக்கூடியவர் என்பதால் நிறுத்த மாட்டார்.

மேடையில் மட்டும் இவருக்குக் கேள்வியே கிடையாது. அவர்கள் வாசிப்பது ப்ளூஸும் ராக்கும் கலந்த சரக்கு. ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு கட்டம். அதைக் குழுவில் தங்களுக்குள் இப்படிச் சொல்லிக்கொள்வார்கள்: வீட்டிலிருந்து கிளம்பு, பக்கத்துத் தெருவுக்குப் போ, வீட்டுக்கு வா, கடைத்தெரு வரைக்கும் ஒரு நடை போ, திரும்ப வீடு. கிட்டார்காரர் மேலே என்ன கரணம் போட்டாலும் கீழே இந்த நடை மாறாது. நடக்கிறவர் கேள்விக்குறி. பாட்டு முடிகிற நேரத்தில் கிட்டார்காரரின் இடது குதிகால் மெல்ல மேலே எழும். கடைசிச் சத்தம் இழுத்துக்கொண்டே போகும். குதிகால் பொத்தென்று இறங்கினால் எல்லாம் கப்சிப். முகத்தைப் பார்த்தெல்லாம் புண்ணியமில்லை, அது போஸ்டருக்கான முகம். ஆகவே இந்த மனிதர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இன்னொருவர் குதிகாலைப் பார்த்தே கழித்திருக்கிறார்.

இதை அவர் மனைவியிடம் பெருமையாகச் சொல்லப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். "என் காலை என்னைக்காவது பார்த்திருக்கீங்களா?" என்றாள் அவள். நகரப் பேருந்து ஓட்டுபவள். நாளெல்லாம் மிதித்து மிதித்து வீங்கின கால். வீட்டிலும் அவளுக்குப் பேருந்துச் சட்டம்தான். சாப்பிடும்போது இவர் கேள்வி அளவு மீறினால் மேஜையில் ஒரு தட்டு தட்டுவாள்: நிறுத்து. இரண்டு தட்டினால்: போகலாம், மேலே சொல்லு. இவர் வாசித்த ரெக்கார்டு எதைப் போட்டாலும் கொஞ்ச நேரம் தலை சாய்த்துக் கேட்பாள். "எல்லாம் கேக்குது. நீங்கதான் கேக்கல" என்பாள்.

அவள் அப்பா செத்தபோது இவர் எங்கோ ஒரு மேடையில் இருந்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் பெட்டியும் கையுமாக வந்து நின்றார். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஒரு டூர் போய்ட்டு வாங்க. அதோட போதும்" என்றாள் பிறகு ஒரு நாள். இசைக்கருவி பழுது பார்க்கும் கடையில் வேலையும் பேசி வைத்தாள். இவர் சரி என்றார். மனசாரத்தான் சொன்னார்.

அந்தக் கடைசி டூரில்தான் கிட்டார்காரர் வித்தியாசமாக நடக்க ஆரம்பித்தார். பளபளவென்ற ஷூ இல்லாமல் மேடை ஏறாத மனிதர், செருப்பைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறினார். ரசிகர்கள் அதையும் ஒரு ஸ்டைலாக்கிக் கைதட்டினார்கள். பிறகு கேள்விக்குறியின் கிட்டார் சத்தம் வெளிவரும் ஆம்ப் பெட்டியைத் தன் பக்கமாக நகர்த்தச் சொன்னார். அடுத்த ஊரில் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்த ஊரில் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொள்ளாத குறை. வேனில் பேச்சைக் குறைத்துக்கொண்டார். சாப்பாட்டுக் கடையில் "டீயா, காபியா?" என்று கேட்டால் "ஆமா" என்றார்.

கேள்விக்குறிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நம் வாசிப்பில் எதையோ குறை கண்டுபிடித்துவிட்டார், பக்கத்தில் வைத்து வேவு பார்க்கிறார் என்று நினைத்தார். தானே போகப் போகிற ஆளுக்கு இந்தப் பயம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். தானாகப் போவது வேறு, பிடித்துத் தள்ளுவது வேறு. ஹோட்டல் அறையில் உட்கார்ந்து தெரிந்த நடையையே திரும்பத் திரும்பப் பழகினார். விரல் நுனி காய்த்துப்போனதுதான் மிச்சம்.

பிறகு ஒரு ஊரில், புதிதாகக் கட்டின அரங்கு. சிமெண்ட் மேடை, அதன்மேல் கால் புதையும் கம்பளம். இரண்டாவது பாட்டிலேயே கிட்டார்காரர் வழி தவறினார். இவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள், அவர் இன்னும் கடைத்தெருவில் நிற்கிறார். இவர்கள் கிளம்பும்போது அவர் வந்து சேர்கிறார். டிரம்ஸ்காரருக்கு வியர்த்து ஊற்றியது. மறுநாள் பத்திரிகையில் ஒரு விமர்சகர் அதை 'துணிச்சலான புதிய முயற்சி' என்று எழுதியிருந்தார். டிரம்ஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். கேள்விக்குறி சிரிக்கவில்லை. மரத்தரை இருந்த ஊரிலெல்லாம் ஒழுங்காக வாசித்தவருக்கு அந்த மேடையில் மட்டும் என்ன வந்தது? கேள்வி உள்ளே நுழைந்துவிட்டால் அவருக்குத் தூக்கம் போய்விடும்.

அடுத்த ஊரில் பழைய மர மேடை. அங்கேதான் அந்தக் காரியத்தைச் செய்தார். அவர் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. பாட்டின் நடுவில் வேண்டுமென்றே பக்கத்துத் தெருவில் நின்றுவிட்டார். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய கட்டம் வந்தது, அவர் திரும்பவில்லை. இன்னும் ஒரு கட்டம், இன்னும் ஒன்று. டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கிக்கொண்டு முறைத்தார். முன்பெல்லாம் என்றால் கிட்டார்காரர் திரும்பிப் பார்க்கிற பார்வையிலேயே ஆள் பொசுங்கிவிடுவார். அன்று அவர் திரும்பவே இல்லை. வாசித்துக்கொண்டே, சாதுவாக, இவரோடு அந்தத் தெருவிலேயே நின்றார். இவர் வீட்டுக்குக் கிளம்பிய பிறகுதான் அவரும் கிளம்பினார்.

கேள்விக்குறிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பயத்தில் அல்ல.

மறுநாள் காலை துணி துவைக்கும் கடையில் இருவரும் காத்திருந்தார்கள். கடைக்குள் வேறு யாரும் இல்லை. கிட்டார்காரர் ஒரு மெஷின் முன்னால் நின்று, அதன் மூடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தார். கேள்விக்குறி அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்.

"அண்ணே."

பதில் இல்லை.

"அண்ணே, உங்க கிட்டாரை நான் வித்துட்டேன்."

அதற்கும் பதில் இல்லை. சுற்றிக்கொண்டு முன்னால் போய், முகத்துக்கு நேராக நின்று கேட்டார். "எவ்வளவு நாளா?"

கிட்டார்காரர் அவர் உதட்டையே பார்த்தார். மழுப்பலாம் என்று ஒரு கணம் நினைத்த மாதிரி இருந்தது. பிறகு தோளைத் தளர்த்தினார். "போன டூர்லயே ஆரம்பிச்சிருச்சு. காதுக்குள்ள ஓயாத ஒரு இரைச்சல். இப்ப அது மட்டும்தான் கேக்குது."

"டாக்டரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். போனது போனதுதான்னு சொல்லிட்டாரு. இத்தனை வருஷம் பெட்டி முன்னாடி நின்னு அலறவிட்டதுக்குக் கூலி."

வருத்தம் சொல்ல வேண்டிய நேரம். கேள்விக்குறியின் வாயில் வந்தது வேறு. "அப்புறம் எப்படிண்ணே வாசிக்கறீங்க?" கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கிட்டார்காரருக்கு உள்ளுக்குள் சந்தோஷம் போலிருக்கிறது. யாரிடமாவது சொல்லத்தானே காத்திருந்தார். "எங்க போகணும்னு விரலுக்குத் தெரியும். எப்பப் போகணும்னு உன் சத்தம் சொல்லும். அது மட்டும் தரை வழியா காலுக்கு வருது. மரமா இருந்தா நல்லாவே வருது. சிமெண்டுல செத்தேன்."

"அப்ப நேத்து..."

"பக்கத்துத் தெருவுல நின்னியே, அதானே? வேணும்னேதான் நின்னே. தெரியும்."

"தெரிஞ்சுமா கூடவே நின்னீங்க?"

"நீ தப்பாப் போனா நானும் தப்பாத்தான் போகணும். எனக்கு வேற வழி ஏது?"

கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் இவரைக் கூனிக் குறுக வைத்தது. இத்தனை காலம் அவர் குதிகாலைப் பார்த்து நடப்பது தான் என்று நினைத்திருந்தார். இப்போது பார்த்தால் அந்த மனிதர் இவர் விரலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். அந்த விரலை இவர் விளையாட்டாக இழுத்துப் பார்த்திருக்கிறார்.

"இது உனக்குக் கடைசி டூர்னு டிரம்ஸ்காரன் சொன்னான். வாயைப் பார்த்துதான் புரிஞ்சுகிட்டேன். தப்பாப் புரிஞ்சுகிட்டேனோ?"

"இல்லண்ணே. சரிதான்."

"அப்ப எனக்கும் இதுதான் கடைசி. புது ஆளை நம்பி இந்தக் காதோட மேடை ஏற முடியாது. யார்கிட்டயும் சொல்லாத."

மெஷின் நின்றது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கே கேள்விக்குறி மரக்கடைக்குப் போய் ஒட்டுப்பலகைகள் வாங்கிவந்தார். கட்டாந்தரையில் நின்றால் இடுப்பு பிடிக்கிறது என்று டிரம்ஸ்காரரிடம் புளுகினார். அதிலிருந்து ஒவ்வொரு மேடையிலும் பலகையை விரித்து, அதன் மேல் ஆம்பை வைத்து, கிட்டார்காரரும் அவரும் அதிலேயே நின்றார்கள். வாசிப்பு அற்புதமாக அமைந்தது. அமைய அமைய இவருக்கு நெஞ்சு கனத்தது.

டூரின் கடைசி நிகழ்ச்சி சொந்த ஊரில். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். யாரிடமும் சொல்லாதே என்றால் மனைவியிடமுமா?

அவள் கடைசிவரை கேட்டாள். மேஜையில் தட்டவே இல்லை. "பாவம்தான். நான் இல்லேங்கல" என்றாள். "ஆனா நீங்க வாக்கு குடுத்தது அவருக்கில்ல, எனக்கு. தனியா நின்னது நான்." அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

மறுநாள் மாலை, அரங்கில் கருவிகளைச் சரிபார்க்கும் நேரத்தில், யூனிஃபார்ம் கூட மாற்றாமல் பணிமனையிலிருந்து நேராக வந்துவிட்டாள். நேரே மேடை ஏறினாள். ஷூவைக் கழற்றினாள், பலகைமேல் நின்றாள், இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டாள். "வாசிங்க" என்றாள்.

அவர் வாசித்தார். வீடு, பக்கத்துத் தெரு, வீடு. அவள் தலை குனிந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி மாதிரி இருக்கு" என்றாள் காதிலிருந்து விரலை எடுக்காமலே, கொஞ்சம் சத்தமாக. "கியர் மாத்தறப்ப காலுக்குத்தான் முதல்ல தெரியும், காதுக்கு அப்புறம்தான். இது எல்லாப் பாட்டுலயும் இருந்துச்சா?"

"எல்லாப் பாட்டுலயும்."

"நான் இத்தனை நாளா காதாலதான் தேடிட்டிருந்தேன்" என்றாள். அவ்வளவுதான். கீழே போய் உட்காரவில்லை. பலகை ஓரத்திலேயே, திரைக்குப் பின்னால், வெறுங்காலோடு நின்றுகொண்டாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்க இவருக்கு வாய் துறுதுறுத்தது. முதல்முறையாக அடக்கிக்கொண்டார்.

அரங்கு நிறைந்து வழிந்தது. கிட்டார்காரர் அன்றுபோல் என்றுமே வாசித்ததில்லை. கடைசிப் பாட்டின் கடைசிச் சுற்று. குதிகால் எழுந்தது. கேள்விக்குறி தடித்த கம்பியை அழுத்திப் பிடித்தார், சத்தம் பலகையெங்கும் பரவி நின்றது. குதிகால் இறங்கவில்லை. டிரம்ஸ்காரர் வெண்கலத் தட்டில் குச்சிகளை உருட்டிக்கொண்டே இருந்தார், கூட்டம் எழுந்து நின்று கத்தியது, அது இன்னும் இறங்கவில்லை. அந்த மனிதருக்கு இதை முடிக்க மனமில்லை என்று இவருக்குப் புரிந்தது. விரலை எடுத்தால் அவருக்கு மிஞ்சப்போவது அந்த இரைச்சல் ஒன்றுதான்.

கடைசியில் குதிகால் இறங்கியது. டிரம்ஸ் நின்றது.

பேஸ் நிற்கவில்லை. கேள்விக்குறியின் விரல் கம்பியைவிட்டு வரவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தக் குதிகாலுக்கு அவர் கீழ்ப்படியாதது அதுதான் முதல்முறை. அடுத்து என்ன செய்வது என்று அவருக்கே தெரியவில்லை. மேலே போவதா, எடுத்துவிடுவதா? வாக்கு ஒரு பக்கம், அந்த வெறுங்கால் ஒரு பக்கம், நடுவில் அவர்.

அப்போது பலகை அதிர்ந்தது. ஒரு உதை. மேஜையில் ஒரு தட்டு மாதிரிதான், ஒரு உதை என்றால் நிறுத்து. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இன்னொரு உதை.

கிட்டார்காரர் தன் பாதத்தைப் பார்த்தார். பிறகு சட்டென்று திரும்பி, "யாருடா அது?" என்றார். கூட்டத்தின் கத்தலில் கேள்விக்குறியின் குரல் எடுபடாது. அதனால் என்ன, அவருக்குச் சத்தம் தேவையில்லையே. "என் பொண்டாட்டி" என்று உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து அடுத்த சுற்றுக்குக் கிளம்பினார்.