பதினேழாவது படி

கொட்டாரத்தில் ஒரு கல்யாணம். எல்லோரும் பந்திக்கு முண்டியடித்துக்கொண்டிருக்க, விக்டோரியா மட்டும் மண்டபத்தின் பின்பக்கக் கதவைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. உள்ளே மாடிப்படி முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலிகள். “தீப்பிடிச்சா ஆளுவ இந்த நாற்காலியிலயா உக்காருவாவ?” என்று முனகிக்கொண்டே கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் குறித்தார். கொட்டாரம் அவருடைய எல்லைக்குள் வராதே என்றேன். இங்கே உள்ள அதிகாரிக்குப் போன் போட யார் எல்லை பார்த்தார்கள் என்றார். நாங்கள் பந்தியில் உட்கார்ந்தபோது எரிசேரி தீர்ந்திருந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

எங்கள் நகராட்சியின் நகரமைப்புப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். வீடோ கடையோ கட்ட அவர் கையெழுத்து வேண்டும். அனுமதியை மீறிக் கட்டினால் நிறுத்தவும் அவர்தான் வருவார். வயது ஐம்பத்தாறு. சொந்த ஊர் பேச்சிப்பாறைப் பக்கம் என்பதால் கோபம் வந்தால் பேச்சில் மலையாளம் கூடும். என் வீட்டு மாடியில் ஓர் அறை கட்ட அனுமதி கேட்டுப் போனபோது பழக்கமானார். அறை இன்னும் வரவில்லை, பழக்கம் மட்டும் வளர்ந்துவிட்டது.

அளக்கும் டேப்பு எப்போதும் அவர் பையில் இருக்கும். ஆனால் அதைக் கடைசியில்தான் எடுப்பார். முதலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கீழே குனிந்து பார்க்காமல், படிகளை வாய்க்குள் எண்ணிக்கொண்டு ஏறுவார். “கண்ணு ஏமாந்து போவும். காலு ஏமாறாது” என்பார். செருப்பைக் கழற்றியதைப் பார்த்த ஒரு லாட்ஜ் முதலாளி, அம்மாவுக்கு ரொம்பப் பக்தி போலிருக்கிறது என்று ஊதுபத்தி கொளுத்தினாராம்.

படி விஷயத்தில் நம் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. முதல் படி லாபம், இரண்டாவது நஷ்டம், மூன்றாவது லாபம் என்று எண்ணிக்கொண்டே போனால் கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும். இதில் கோயிலுக்குப் போகிறவர், சர்ச்சுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர் என்ற பேதம் கிடையாது. விக்டோரியா இதைக் கேலி செய்து நான் கேட்டதே இல்லை. லாபத்தில் முடிப்பதற்காக எந்தக் கொத்தனார் எந்த இடத்தில் கை வைப்பார் என்பதுவரை அவருக்கு அத்துப்படி.

போன பங்குனியில் கிருஷ்ணமணியின் கட்டடத்தைப் பார்க்கப் போனார். வேடிக்கை பார்க்க நானும் ஒட்டிக்கொண்டேன். கிருஷ்ணமணி இருபத்திரண்டு வருஷம் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். அத்தனை வருஷச் சம்பாத்தியமும் செங்கல்லும் சிமெண்டுமாக எங்கள் ஊரில் நின்றது. கீழே கடைகள், மாடியில் டியூஷன் சென்டர். பணி முடிப்புச் சான்று கிடைத்தால்தான் கரண்ட் இணைப்பு வரும். சித்திரையில் திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ்கூட அடித்தாயிற்று.

விக்டோரியா வெறுங்காலோடு ஏறினார். பதினாறு படிவரை சீராகப் போன கால் பதினேழாவதில் தட்டியது. அப்போதுதான் டேப்பு வெளியே வந்தது. பதினாறு படிகள் ஆறு இஞ்சு உயரம், கடைசி மூன்றும் எட்டு இஞ்சு. வரைபடத்தில் இருந்தது இருபது படி. இருபது நஷ்டத்தில் முடிகிறதே என்று கொத்தனார் ஒரு படியைக் குறைத்து, அதன் ஆறு இஞ்சை மேலே உள்ள மூன்று படிகளுக்குப் பங்கு வைத்துவிட்டார்.

“ரெண்டு இஞ்சுக்காவ ஒரு பில்டிங்கயே நிறுத்துவியளா மேடம்?” என்று கேட்டார் கிருஷ்ணமணி. அவர் கேட்டதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. அதை வாய்விட்டுச் சொல்லியும் தொலைத்தேன்.

விக்டோரியா அந்தப் பதினேழாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பத்து வருஷத்துக்கு முன்னால் வேறோர் ஊரில், இதே மாதிரி ஒரு படியைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுச் சான்று கொடுத்ததைச் சொன்னார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. அஜிஷா என்ற பிளஸ் டூ மாணவி புத்தகப் பையோடு இறங்கும்போது கால் இடறி விழுந்தாள். இடது முட்டியில் இரண்டு ஆபரேஷன். அந்த முட்டி இன்றைக்கும் முழுசாக மடங்காது.

“ஆரும் என்ன ஒரு வார்த்த சொல்லல்ல, கேட்டியளா. ஆனா கையெழுத்து நான்லா போட்டேன்” என்றார்.

பிறகு விக்டோரியாவே எழுந்து, இருபத்தொரு படி வையுங்கள், அதுவும் லாபத்தில்தான் முடியும், உயரமும் ஒன்றுபோல வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஆனால் பழைய படியை முழுவதும் இடிக்க வேண்டும், திறப்பு விழா ஆனிக்குத் தள்ளிப் போகும். கிருஷ்ணமணி தனக்குத் தெரிந்த பெரிய மனிதர்கள் நாலு பேரிடம் முறையிட்டதாகக் கேள்வி. நாலு பேரும் விக்டோரியாவிடம் பேசிவிட்டு, பேசாமல் இடித்துவிடுங்கள் என்று கிருஷ்ணமணிக்கே புத்தி சொன்னார்களாம்.

ஆனியில் ஒரு சனிக்கிழமை காலை மறுபடி போனோம். இருபத்தொரு படிகளையும் விக்டோரியா ஏறி இறங்கினார். டேப்பும் ஒத்துப்போனது. ஆனாலும் பேனாவை எடுக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓர் ஆட்டோ வந்தது. இடது காலைச் சற்று இழுத்தபடி இறங்கி வந்த பெண்ணை, இவள்தான் அஜிஷா, தக்கலையில் டீச்சர் என்று அறிமுகப்படுத்தினார். நான்தான் வரச் சொன்னேன் என்றார்.

அஜிஷா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிப் போனாள். விக்டோரியாவும் கூடவே போனார். அவள் விழுந்தது இறங்கும்போதுதான். அதனால் இறங்கிப் பார்த்தால்தான் சோதனை. “கீழ பாக்காம இறங்கு, மக்கா” என்றார்.

அஜிஷா நேரே பார்த்து இறங்கினாள். அவளுக்கு ஒரு படி முன்னால், முகத்தை அவள் பக்கம் திருப்பி, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, ஊருக்கெல்லாம் படி பத்திரம் சொல்கிற அதிகாரி பின்னோக்கி இறங்கி வந்தார். கிருஷ்ணமணி உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். அஜிஷாவின் இரண்டு கால்களும் தரைக்கு வந்து சேர்ந்தன. விக்டோரியாவின் கைகள் அப்போதும் நீண்டேதான் இருந்தன.