சர்வே கல்லுக்கு அடியில் ஒரு டப்பா

2014 மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை. ஆறு மணிக்குப் பால் வாங்கி வந்தேன். காப்பி குடித்தேன், வண்டியைத் துடைத்தேன், முதல் பூசைக்குப் போய் வந்தேன். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சென்னையிலிருந்து வந்திருந்த என் மனைவியின் தம்பி செல்போனை நீட்டினான்.

"மாமா, விடை வந்திடுச்சி. டப்பா ஒலக்கூர் ரோட்ல இருக்கு."

அவனுடைய பொழுதுபோக்கு அது. முகம் தெரியாத யாரோ சாலையோரத்தில் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து இணையத்தில் புதிர் போடுவார். விடுவித்தால் இடம் தெரியும். இந்தப் புதிர் முழுக்க எங்கள் திண்டிவனத்தின் வரலாறு. ஊர் எந்த மரத்தால் பெயர் பெற்றது, மாதா கோவில் மணியில் பொறித்திருக்கும் ஆண்டு எது, ரயில் எப்போது வந்தது. அவனுக்காக ஊரெல்லாம் விசாரித்து விடை சேர்த்தவன் நான்.

இருவரும் என் வண்டியில் போனோம். செல்போன் காட்டிய இடம், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை போட்டிருந்த ஒரு கொல்லையின் மூலை. அங்கே ஒரு சர்வே கல், அதைச் சுற்றிச் சின்னக் கற்கள். டப்பா அடியில் சிக்கியிருந்தது. கையை நுழைப்பதற்காக மச்சான் சர்வே கல்லை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினான்.

மனை விலை ஏறிய பிறகு எங்கள் பக்கத்தில் எல்லைக்கல்லைத் தொடுகிறவனிடம் யாரும் விசாரித்துக்கொண்டிருப்பதில்லை. கொல்லைக்காரருக்கும் அவருடைய அண்ணனுக்கும் அந்தக் கல்லின் பேரில்தான் வழக்கு என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மோட்டார் கொட்டகையிலிருந்து கொல்லைக்காரர் மண்வெட்டியோடு ஓடிவந்தார்.

"கல்லைப் புடுங்கவாடா வந்த? எங்கண்ணன் அனுப்பிச்சானா?"

காம்பு முதலில் மச்சானின் தோளில் இறங்கியது. திரும்பியவனின் இடது கண்மேல் அடுத்த அடி. புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. நான் காம்பைப் பிடித்தேன். வயிற்றில் உதைத்தார். செடிகளின் மேல் விழுந்தேன். கீழே கிடந்த என்னை விலாவிலும் முதுகிலும் மிதித்தார்.

"டப்பா எடுக்க வந்தோம்ணே! டப்பாண்ணே!" என்று கத்தினேன்.

"எங்கிட்டயே டபாய்க்கிறியா?" மறுபடி மிதித்தார்.

அவருடைய மனைவி ஓடிவந்து டப்பாவை இழுத்தெடுத்துத் திறந்தார். கோலிக்குண்டு, கீ செயின், ஒரு பென்சில்.

"யோவ், நிறுத்துய்யா! சின்னப் புள்ளைங்க சாமான்யா இது! அந்த ஆளு கண்ணைப் பாருய்யா!"

அவர் நின்றார். மூச்சு வாங்கியது. "கல்லு அதே எடத்துலதான கீது?"

"உங் கல்லுல இடி வுழ!"

என்னால் நிமிர முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு என் வண்டியைக் கொல்லைக்காரரே ஓட்டினார். தலையில் அவருடைய துண்டைக் கட்டிக்கொண்டு மச்சான் நடுவில் உட்கார்ந்திருந்தான். பின்னாலிருந்து அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"கண்ணு போயிருமா சார்?"

"போனா நீங்க ஜெயிலுக்குப் போவணும்."

"போறேன் சார். அதுக்காவ, கல்லை ஆட்டினா பாத்துக்கினு இருக்க முடியுமா?"

ஆஸ்பத்திரியில் புருவத்துக்குத் தையல் போட்டுக் கண்ணைக் கட்டினார்கள். பார்வை இருக்கிறதா என்பது காலையில் கட்டைப் பிரித்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். என் மனைவி வந்தாள். எனக்கு முதுகைக் காட்டித் தம்பியின் காலருகே உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக நர்ஸ் கட்டைப் பிரித்தார். அவனுடைய வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார். ஊதா நிறத்தில் வீங்கியிருந்த இடது இமை கொஞ்சம் திறந்தது. அவன் முகத்தைச் சுளித்தான்.

"ஜன்னலைச் சாத்துங்க மாமா. கூசுது."

எழுந்துபோய்ச் சாத்தினேன்.