வாய்ப்பூட்டு வேண்டியவளுக்குக் கிடைத்த ஒரு சிட்டிகை மாவு

அம்மனை நம்பி வாழும் அக்கா தங்கைகளுக்கு என் வணக்கம். நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டத் தோன்றினால் திட்டிக்கொள்ளுங்கள். அதைவிட அதிகமாக நானே என்னைத் திட்டியிருக்கிறேன்.

அம்மனுக்கு வைத்திருந்த மாவிளக்கு மாவைத் தின்றவள் நான். விளக்கு ஏற்றுவதற்கு முன்பே, படைப்பதற்கு முன்பே, கடைசி உருண்டை வரைக்கும் தின்றேன்.

கடத்தூர் பக்கம் ஒரு சிற்றூர் எங்களுடையது. கணவர் விவசாயம் பார்க்கிறார். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். காலையில் அவர் தோட்டத்துக்கும், மாமியார் ஆடு மேய்க்கவும், மகள் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு வீட்டில் நானும் தையல் மிஷினும் மட்டும்தான். அந்த நேரத்தில்தான் அது வரும்.

அதைப் பசி என்று சொல்ல முடியாது. வயிறு நிறையச் சாப்பிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. நெஞ்சுக்குள் ஒரு பரபரப்பு தொடங்கும். கை தானாகச் சட்டிக்குப் போகும். காலையில் மிஞ்சிய களி, நேற்றைய குழம்பு, மகளுக்கு வாங்கி வைத்த பிஸ்கட், அதுவும் தீர்ந்தால் வெல்லம், வெல்லமும் தீர்ந்தால் வெறும் சர்க்கரை. நின்றுகொண்டே தின்பேன். என்ன ருசி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வயிறு வலித்து, மூச்சு முட்டிய பிறகுதான் கை நிற்கும். பிறகு பிஸ்கட் காகிதங்களை எல்லாம் மிஷின் டிராயருக்குள் திணித்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுவேன். யாராவது துணி கொடுக்க வந்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து அளவு எடுப்பேன்.

இது எப்படித் தொடங்கியது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். மகள் பிறந்த பிறகு உடம்பு பெருத்துவிட்டது. ஒரு கல்யாணத்தில் உறவுக்காரப் பெண் ஒருத்தி பந்தியில் எல்லோர் முன்னாலும், "ஏம்மா, உனக்கு ரெண்டு எலை போடணுமாட்டம் இருக்குதே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து விரதம் தொடங்கினேன். முதலில் வெள்ளிக்கிழமை மட்டும். பிறகு செவ்வாயும் சேர்ந்தது. பகல் முழுக்கத் தண்ணீரோடு இருப்பேன். விரதம் விட்ட கையோடு, இரண்டு நாள் சாப்பாட்டை ஒரே மூச்சில் தின்பேன். தின்ற பாவத்துக்கு மறுநாளும் விரதம். இது நோய் என்று எனக்குத் தெரியாது. எனக்கு நாக்கு நீளம், பேராசை பிடித்தவள், பக்தி போதாது என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் என் கணவர் பைக்கிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். "எம்மவன் எழுந்து நடந்தா மாவிளக்குப் போடறேன் தாயே" என்று மாமியார் வேண்டிக்கொண்டார். நடந்தார். பங்குனித் திருவிழா வந்தது. மாமியாரும் நானும் குளித்துவிட்டு, பச்சரிசியை ஊறவைத்து இடித்து, வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்து தட்டில் வைத்து மூடினோம். மாமியார் பூ வாங்கக் கடைக்குப் போனார். நான் காலையிலிருந்து விரதம்.

ஒரு சிட்டிகைதான் எடுத்தேன். அதற்குப் பிறகு நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. மூடியை மறுபடி வைக்கும்போது தட்டில் ஒன்றும் இல்லை.

மாமியார் வந்தார். "நாய் தின்னுடுச்சுங்க அத்த" என்றேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடி அரிசியை ஊறப்போட்டார். எல்லோர் மாவிளக்கும் போய்ச் சேர்ந்த பிறகு, கடைசியாக எங்கள் விளக்கு போனது. நான் எச்சில் கையோடு பின்னால் நடந்தேன்.

அடுத்த மாதம் கணவருக்குக் கால் மறுபடி வலிக்க ஆரம்பித்தது. டாக்டர், வெயிட் தூக்கியதால் என்றார். எனக்கல்லவா தெரியும் காரணம்! அவர் நொண்டி நடக்கும் ஒவ்வொரு அடியும் என் தலையில் விழுந்தது. என்னால்தான், என் வாயால்தான். அப்படியானால் இந்த வாயைப் பூட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எங்கள் பக்கம் வாய்ப்பூட்டு என்று ஒரு வேண்டுதல் உண்டு. வெள்ளியில் செய்த சின்ன அலகை உதட்டில் குத்திக்கொண்டு, பேசாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் கோயிலுக்கு நடந்து வருவார்கள். மூன்று வருடம் போடுகிறேன், என் வாயைக் கட்டு என்று வேண்டிக்கொண்டேன். என் கணவர், "நம்ம வூட்ல யாரும் போட்டதில்லியே, உனக்கு எதுக்கு?" என்றார். அவர் காலுக்கு என்றேன். அதுவும் பாதிப் பொய்தான்.

முதல் வருடம் அலகு குத்தியபோது வலியே தெரியவில்லை. பூட்டு விழுந்துவிட்டது, இனி நான் பிழைத்தேன் என்று கண்ணீர் வழிய நடந்தேன். கோயிலில் அலகை எடுத்துத் திருநீறு வைத்தார்கள். அன்று மதியமே வீட்டில் ஒரு குண்டான் புளிச்சோறு தின்றேன். உதட்டுக் காயத்தில் புளியும் உப்பும் பட்டு எரிந்தது. எரிய எரியத் தின்றேன். அன்றைக்கு நான் அழவில்லை. அம்மனாலேயே முடியவில்லை என்றால் வேறு யாரிடம் போய் நிற்பது?

இரண்டாம் வருடமும் அப்படியே ஆனது. அதற்குள் சர்க்கரை நோய் வந்துவிட்டது. சர்க்கரை டாக்டர், என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டால், "ரெண்டு இட்லிங்க" என்பேன். அவர் மாத்திரையைக் கூட்டுவார். மகள் ஒருநாள் ரப்பர் தேடி மிஷின் டிராயரைத் திறந்துவிட்டாள். காகிதங்கள் கொட்டின. அவளே எல்லாவற்றையும் பொறுக்கி உள்ளே வைத்து மூடினாள். அதற்குப் பிறகு அவள் பிஸ்கட் கேட்பதையே நிறுத்திவிட்டாள். நான் இந்த வீட்டில் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நல்லது என்று நினைக்க ஆரம்பித்தேன். காலையில் கண் விழித்ததும் முதலில் வரும் நினைப்பே அதுதான்.

ஆடி மாதம் ஒரு நாள் உச்சி வெயிலில் கோயிலுக்குப் போனேன். நடை சாத்தியிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வாயைக் கட்டு, வாயைக் கட்டுன்னு கேட்டு ஓஞ்சுட்டேன். இனி என்ன கேக்கறதுன்னே தெரியல. நீயே பாத்து எதையாச்சும் செய்" என்றேன். அவ்வளவுதான் என் வேண்டுதல். ஒரு கற்பூரம்கூட ஏற்றவில்லை.

அதே வாரம் சர்க்கரை பார்க்கத் தருமபுரி போனேன். வழக்கமான டாக்டர் இல்லை. சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தர் இருந்தார். சீட்டைப் பார்ப்பதற்கு முன் என் முகத்தைப் பார்த்து, "உதட்டுல என்னங்க தழும்பு?" என்றார். இத்தனை நாளில் யாரும் கேட்டதில்லை. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. மாவிளக்கு, டிராயர், புளிச்சோறு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். செத்துப் போகலாம் என்று தோன்றுவதையும் சொன்னேன். வெளியே வரிசையில் ஆட்கள் சத்தம் போட்டார்கள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு, "இது ஒரு நோய்ங்க. பேராசை இல்ல. இதுக்கு வைத்தியம் இருக்குது" என்று சொல்லி, தானே எழுந்து என்னை மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே இருந்த கவுன்சிலர் அம்மா முதலில் சொன்னது என்ன தெரியுமா? விரதத்தை நிறுத்துங்கள், மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தின்பதை நிறுத்த வந்தவளிடம் தின்னச் சொல்கிறாரே! "அம்மனுக்கு இருக்கற விரதத்த நிறுத்தச் சொல்ல நீங்க யாருங்க?" என்றே கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பட்டினி கெடந்த அன்னிக்குத்தான உங்களுக்கு அது ஜாஸ்தியா வருது? நீங்களே எழுதிப் பாருங்களேன்" என்றார். எழுதிப் பார்த்தேன். உண்மைதான்.

இன்னொரு நாள் ஒரே ஒரு உலர்ந்த திராட்சையைக் கையில் கொடுத்தார். பார்க்க வேண்டும், மோந்து பார்க்க வேண்டும், நாக்கில் வைத்து மெதுவாக மெல்ல வேண்டும், மனம் ஓடினால் திரும்பக் கூட்டிவர வேண்டும். இதற்கா இரண்டு பஸ் மாறி வந்தேன் என்று நினைத்துக்கொண்டே கையை நீட்டினேன். வலது கை தானாகக் குழிந்தது. இடது கை தானாக அதன் கீழே போனது. திராட்சையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

கோயிலில் பிரசாதம் வாங்குவது அப்படித்தானே! பூசாரி தரும் ஒரு சிட்டிகையை என்றைக்காவது அவசரமாக விழுங்கியிருக்கிறேனா? ஒரு குண்டான் சோற்றில் அடங்காதவள் அந்தச் சிட்டிகையோடு அடங்கி வந்திருக்கிறேனே! நான் கேட்டது பூட்டு. எனக்கு உண்ணத் தெரியும் என்று அம்மன் காட்டினாள். அந்த நாற்காலியிலேயே தேம்பித் தேம்பி அழுதேன்.

உடனே குணமாகிவிடவில்லை. பரபரப்பு வரும்போது சண்டை போடாமல், மூச்சைக் கவனித்து உட்காரச் சொல்லித் தந்தார்கள். முதல் தடவை மிஷின் மேசையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உடம்பெல்லாம் வேர்த்தது. வெகுநேரம் கழித்து அது மெல்லத் தணிந்தது. தின்னாமலே அது போகும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகும் பலமுறை தோற்றிருக்கிறேன். போன மாதம்கூட ஒரு நாள் தோற்றேன். ஆனால் மறுநாள் பட்டினி கிடக்கவில்லை. காலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இந்தப் பங்குனியில் மூன்றாவது வாய்ப்பூட்டு போட வேண்டும். போடவில்லை. அதற்குப் பதில் மாவிளக்கு போடுகிறேன் என்று அம்மனிடம் சொன்னேன். காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் மாவு இடித்தேன். பிசையும்போது கை நின்றுவிட்டது. மாமியாரிடம், "அத்த, அன்னிக்கு மாவ நாய் திங்கலைங்க" என்றேன்.

"தெரியும்" என்றார். "நாய் தின்னுட்டு மூடியவா மூடி வெச்சுட்டுப் போவும்?"

"அப்பவே ஏன் கேக்கலைங்க?"

"என்னமோ பெருசா கெடக்குது உள்ள, கேட்டா ஒடஞ்சுடுவன்னு பயந்தேன் சாமி. ஆனா கேட்டிருக்கணும்." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விளக்கு ஏற்றிப் படைத்து வந்த பிறகு, மாமியார் அந்த மாவில் ஒரு சிட்டிகை எடுத்து என் கையில் வைத்தார். கண்ணில் ஒற்றி, வாயில் போட்டு, மெதுவாக மென்றேன். ஏலக்காய் மணத்தது. இத்தனை வருடத்தில் வெல்லம் எனக்கு இனித்தது அன்றைக்குத்தான்.

என்னைப் போலக் கதவைச் சாத்திக்கொண்டு தின்று அழுகிற பெண் யாராவது இதைப் படித்தால், அவளுக்கு ஒன்று சொல்கிறேன். விரதத்தை நான் குறை சொல்லவில்லை. உன்னை நீயே தண்டித்துக்கொள்ளாதே. அம்மனிடம் போ, எதுவும் கேட்கத் தெரியவில்லை என்றாலும் போ. பிறகு ஆஸ்பத்திரிக்கும் போ. யாராவது உன் தழும்பைக் கேட்டால், பொய் சொல்லாதே. அம்மன் அனுப்பிய ஆளாக இருக்கலாம்.

அன்று மாமியார் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் வேணுமா?" என்றார்.

"போதுங்க அத்த" என்றேன்.