தடுப்புச்சுவரில் ஒரு வழி

கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகர் ஆன பிறகு எங்கள் தெருமுனைச் சாலையை அகலமாக்கி, நடுவே இடுப்புயரத்துக்குத் தடுப்புச்சுவர் கட்டினார்கள். மகள் படித்த பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். சுற்றிப்போனால் பஸ் ஸ்டாண்டு வரை நடக்க வேண்டும். பிள்ளைகள் சுவரேறிக் குதித்தார்கள்.

என் மகளுக்குப் பிறவியிலேயே வலது கால் வளைவு. ஆபரேஷனுக்குப் பிறகும் சாய்ந்துதான் நடப்பாள். மூன்றாம் வகுப்பு வந்ததும், "நீ வராதம்மா, நாங்க சுத்திப் போய்க்கிறோம்" என்று தோழிகளோடு கிளம்பிவிட்டாள்.

ஒருநாள் அவள் மறந்துபோன தண்ணீர் பாட்டிலோடு பின்னால் ஓடினேன். ஒருத்தி சுவர்மேல் உட்கார்ந்து என் மகளின் கைகளை இழுக்க, இரண்டு பேர் கீழிருந்து தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி அவர்களை உரசுகிற மாதிரி போனது. அந்தப் பிள்ளைகள் அவளை விட்டுவிட்டு ஓடவில்லை. அவள் அந்தப் பக்கம் இறங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்தத் தோழிகளின் அம்மாக்களையும் அழைத்துக்கொண்டு நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்துக்குப் போய், சுவரில் ஒரு வழி விடச் சொல்லி இன்ஜினியரிடம் கேட்டேன்.

"வழி உட்டா பைக்குக்காரன் பூந்துடுவாம்மா. ஆக்சிடென்ட் ஜாஸ்தி ஆவும்" என்றார்.

"ஒருவாட்டி பள்ளிக்கூட நேரத்துக்கு வந்து பாருங்க சார்."

மறுநாளே வந்தார். என் மகளைப் பார்த்து, "நீ எப்படிம்மா ஏறுவ?" என்று கேட்டார்.

"இவளுங்க தூக்குவாளுங்க சார்!" என்றாள் பெருமையாக. தோழிகள் உடனே அவளைத் தூக்கப் போனார்கள்.

"வாணாம், வாணாம்!" என்று பதறினார். அவரே பிள்ளைகளின் கையைப் பிடித்துப் பஸ் ஸ்டாண்டு வரை சுற்றி நடந்தார். போய்ச் சேர்ந்தபோது பிரேயர் முடிந்திருந்தது. தாமதத்துக்கு டீச்சரிடம் அவரே மன்னிப்புக் கேட்டார்.

கொஞ்ச நாளில் சுவரை உடைத்து வழி விட்டார்கள். இருபக்கமும் வேகத்தடையும் போட்டார்கள். அவர் சொன்னபடியே பைக்குகள் புகுந்தன. குறுக்கே இரும்புக் குழாய் நட்டார்கள். அதில் பிள்ளைகளின் புத்தகப்பை மாட்டிக்கொண்டது. ஒரு குழாயைப் பிடுங்கித் தள்ளி நட்ட பிறகுதான் சரியாயிற்று.

"இப்பல்லாம் என்ன யாருமே தூக்கறதில்லம்மா" என்று மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மழைக்காலத்தில் அந்த வழியில் முழங்கால் தண்ணீர் நின்றது. மறுபடி அதே அலுவலகத்துக்குப் போனோம். இந்த முறை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.