எதிலும் வகுபடாத ஜீப்பு

சிலமலையிலிருந்து மேலே ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகும் பெண்கள் நாங்கள் எல்லோரும் ஒரே ஜீப்பில்தான் போவோம். ஓட்டுகிற அண்ணன் பழைய ஜீப்பை விற்றுவிட்டு, கடன் வாங்கி வேறொன்று எடுத்து வந்தார். அதன் எண் 8513. கூட்டினால் பதினேழு, அதையும் கூட்டினால் எட்டு. எங்கள் பக்கம் வண்டிக்கு எட்டு ஆகாது.

மறுநாள் காலையில் யாரும் ஏறவில்லை.

"எண்ணைப் பாக்காம வண்டி எடுப்பாகளாண்ணே?" என்றாள் என் பக்கத்து வீட்டு மதினி.

"அப்ப ரோட்டையும் விட்ருங்க. கொண்டை ஊசி வளைவு பதினேழு. அதுவும் எட்டுத்தான்."

"ரோட்டுல ஒரு எட்டு போதும். வண்டியில வேறயா?"

எல்லோரும் சிரித்தார்கள், அண்ணனைத் தவிர. நாங்கள் வராவிட்டால் அவர் கடன் கட்ட வழியில்லை. வேறு ஜீப்பு தேடிப் போகப் பெண்கள் தூக்குச்சட்டியைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

நான் கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றாலும், எண்ணைக் கண்டால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. முந்தின சாயங்காலம் உலை கொதிக்கும் வரை இந்த எண்ணைத்தான் வகுத்துக்கொண்டிருந்தேன். ஏழால் வகுத்தால் ஒன்று மிஞ்சியது. பத்தொன்பதிலும் ஒன்று மிஞ்சியது. எண்பத்தொன்பது வரை போனேன். அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை. தொண்ணூறு, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு மூன்றும் ஏற்கெனவே பார்த்த சின்ன எண்களால் உடைபவை. தொண்ணூற்று மூன்றைத் தொண்ணூற்று மூன்றால் பெருக்கினாலே இந்த எண்ணைத் தாண்டிவிடும். எதிலும் மீதியில்லாமல் போகவில்லை. பள்ளியில் சொன்ன பகா எண் இது.

"மதினி, இந்த எண்ணு எதாலயும் ஒடையாது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"ஒடையாதுன்னா?"

"எந்த எண்ணால வகுத்தாலும் மிச்சம் விழும். ஒண்ணாலயும் அதாலயும் மட்டுந்தான் சரியா போகும்."

"பழைய வண்டி ராசியான ஒம்பதாச்சே?"

"அது 4725. கூட்டி ஒம்பது வந்தா ஒம்பதால வகுபடும். அது மூணாலயும் ஒடையும், அஞ்சாலயும் ஒடையும், ஏழாலயும் ஒடையும்."

மதினி யோசித்தாள். "அதான் வளைவுக்கு வளைவு பிரிஞ்சு பிரிஞ்சு நின்னுச்சா?" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக ஏறினாள். மற்றவர்களும் ஏறினார்கள். எனக்கு முன்சீட்டை விட்டார்கள். அங்கே உட்காரத்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஜீப்பு மலையேறியது. பின்னால் பேச்சு வேறு பக்கம் போனதும் அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"நெசமாவே ஒடையாதா, ஆத்தா?"

"எண்ணு ஒடையாதுண்ணே. அதுக்கும் வண்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. வண்டிய நீங்கதான் பாக்கணும்."

அவர் அடுத்த வளைவு வருவதற்கு வெகு முன்பே கியரைக் குறைத்தார்.