சாரா விளக்கு வாங்குகிறாள்

பட்டப்பகல் பதினோரு மணிக்கு எபினேசரின் எலெக்ட்ரிகல் கடைக்குள் சாரா நீலத் தார்பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு குந்தியிருக்கிறாள். உள்ளே விளக்கு எரிகிறது, அணைகிறது, மறுபடி எரிகிறது. ஃப்யூஸ் வாங்க வந்த ஆள் மிரண்டுபோய், "இன்னாண்ண, உள்ள யாரு?" என்கிறான். "அது டென்ட்டு. பத்து நிமிஷம் பொறுங்க" என்கிறார் எபினேசர். ஆகஸ்ட் பிறந்தால் அவருக்கு இது பழகிப்போன காட்சி.

தார்பாய்க்குள்ளிருந்து குரல் மட்டும் வருகிறது. "நைனா, இது கண்ண குத்துது. பக்கத்துல பட்துகினு கீறவ எய்ந்து ஒதைப்பா. வேற குடு."

காலடிப்பேட்டை மார்க்கெட் முனையில் மீன் விற்கிற சாரா, வருஷம் தவறாமல் வேளாங்கண்ணிக்கு நடக்கிறவள். காசிமேட்டில் ஐஸ் உடைத்த லாசருக்கு மூன்றாவது மகள். லாசரின் தம்பி பெண்டாட்டி வகையில்தான் இந்த நடைக்கூட்டமே உண்டாயிற்று. முதல் வருஷம் போன பதினோரு பேரில் ஒன்பது பேர் சாராவுக்கு அத்தை, சித்தி, நாத்தனார் முறை; மிச்சம் இரண்டு பேரும் பிற்பாடு சம்பந்தி ஆகிவிட்டார்கள். காவிச் சேலை கட்டி, சின்னத் தேரில் மாதாவை முன்னே தள்ளிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு நாள் நடை. பொழுது சாய்ந்தால் சாலையோரம் டென்ட். ஒரு டென்ட்டுக்குள் எட்டுப் பெண்கள், மத்தி அடுக்கின மாதிரி.

அந்த எட்டில் படிக்கிற வேலை சாராவுடையது. நடக்க முடியாதவர்கள் ஆளுக்கொரு தாளில் வேண்டுதலை எழுதிக் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் கோணி ஊசியால் தைத்து நோட்டாக்கிக்கொண்டு, தினம் கொஞ்சமாக டென்ட்டுக்குள், தலையில் முக்காடு போட்டு, வாய்விட்டுப் படிப்பாள். ஒவ்வொன்று முடிந்ததும் மற்ற ஏழு பேரும் "மரியே வாழ்க" சொல்ல வேண்டும். அரைத் தூக்கத்தில் சொன்னாலும் செல்லும். ஆனால் படிக்காத வேண்டுதல் போய்ச் சேராது. அது அந்தக் கூட்டத்தின் கட்டுப்பாடு. எட்டாவதோடு நின்றவள்தான் சாரா, என்றாலும் எந்தக் கோழிக்கிறுக்கலும் அவளிடம் தப்பாது. திரும்பி வந்ததும் நோட்டைப் பிரித்து, தாளுக்கு ஒரு சொட்டு வேளாங்கண்ணி எண்ணெய் வைத்து உரியவர்களிடம் கொடுத்துவிடுவாள்.

விளக்கு என்றால் அவளுக்கு முதலில் கனம். எபினேசர் கிராம் சொன்னால் காதில் வாங்கமாட்டாள். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து மீன் கணக்கில் சொல்வாள். "இது ஒரு சங்கரா கீது, வேணாம்." "இது அஞ்சு எறா." மனதுக்குப் பிடித்ததை முந்தானையில் முடிந்து முதுகில் போட்டுக்கொண்டு தெருவை மூன்று சுற்று சுற்றி வருவாள். "கடைல எல்லாம் காத்து மாறிதான் கீது நைனா. செதம்பரம் தாண்டுனா அதுவே கல்லு ஆய்டும்."

எபினேசர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். மாதாவுக்கு நடப்பதெல்லாம் அவர் சபையில் கிடையாது. ஆனாலும் சாரா வந்தால் அலமாரியில் இருக்கிற அத்தனை விளக்கையும் இறக்கிவைப்பார். "செல்லுலயே டார்ச் இருக்கேக்கா?"

"நீயெல்லாம் ஒரு வேவாரியா? செல்லு ஒரு கைல, நோட்டு ஒரு கைல. பக்கத்த நாக்காலயா திருப்பறது?"

இந்த வருஷம் புதிதாக ஒன்று செய்தாள். ஒரே வரியை நீலம், கறுப்பு, பச்சை, சிவப்பு மைகளிலும் பென்சிலிலும் எழுதின தாள் ஒன்றைத் தார்பாய்க்குள் எடுத்துப்போனாள். விளக்குக்கு விளக்கு அந்த ஐந்து வரியையும் முணுமுணுத்துப் படித்தாள்.

"என்னக்கா, பேனா ஏஜென்சி எடுக்கப் போறியளா?"

ஒரு கிண்டலுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவள் சாரா. இன்றைக்குத் தார்பாய்க்குள் விளக்கு அணைந்தது. வியர்த்த முகத்தோடு வெளியே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னாள்.

போன வருஷம் அவள் எடுத்துப்போனது சிவப்பு வெளிச்சம் தருகிற, தலையில் மாட்டுகிற விளக்கு. சிவப்புக்குப் பூச்சி அவ்வளவாக வராது, தூங்குகிறவர் கண்ணிலும் உறுத்தாது. ஏழு பெண்களும் மெச்சினார்கள். நோட்டில் நடுவே ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது. தைக்கும்போது வெற்றுத்தாள் சேர்ந்துகொண்டது என்று நினைத்துப் புரட்டிவிட்டாள். ஊருக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் எண்ணெய் வைக்க உட்கார்ந்தபோதுதான் பார்த்தாள். தாள் நிறையச் சிவப்பு மை எழுத்து. சிவப்பு வெளிச்சம் சிவப்பு மையைத் தின்றுவிடும் என்று யார் கண்டது?

பக்கத்து வீட்டு மதியின் தாள் அது. டியூஷன் எடுக்கிற பெண். கையில் எப்போதும் இருப்பது நோட்டு திருத்துகிற சிவப்புப் பேனா. வியாசர்பாடியில் பௌத்தம் தழுவிய குடும்பத்தில் பிறந்தவள். "எங்க வூட்ல வேண்டுதல்லாம் கெடையாதுக்கா" என்று மூன்று வருஷம் சிரித்தே தட்டிக்கழித்தவள், போன வருஷம் தானாக வந்து மடித்த தாளை நீட்டினாள். அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு எங்கேயோ போய்விட்ட தம்பி பீம்ராவ் ஒரு தடவை போன் பண்ண வேண்டும். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

சாரா அந்தத் தாளிலும் ஒரு சொட்டு எண்ணெய் வைத்தாள். படிக்காமல் விட்டதைச் சொல்லாமலே கொடுத்துவிட்டாள். பீம்ராவ் போன் பண்ணவில்லை.

"இந்த வருசம் எழ்தி குடுன்னு கேட்டேன் நைனா. 'ஒரு தபா எழ்துனேனே, ஒங்க மாதா காதுல வாங்கலியே'ன்னு சிரிச்சா. மாதா இன்னா பண்ணும்? பழிய அது மேல போட்டுட்டு நான் சொம்மா குந்திகினு கீறேன்."

எபினேசர் எழுந்து வந்தார். ஸ்டூலைக் கேட்டு வாங்கி ஏறி, மேல்தட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். நோட்டின் ஓரத்தில் கிளிப் போல மாட்டிக்கொள்கிற விளக்கு. மங்கலான மஞ்சள் வெளிச்சம், பக்கத்தை விட்டு வெளியே சிந்தாது. தார்பாய்க்குள் ஐந்து வரியும் தெரிந்தன, பென்சில் உட்பட. கனம் இரண்டு இறால். மூன்று சுற்று நடந்துவிட்டு வந்தாள். எடுத்துக்கொண்டாள்.

"அப்ப இந்த வருஷம் பிரச்சினை இல்லக்கா."

"வெளக்கு பிரச்சன தீந்துச்சு நைனா" என்று இறங்கிப் போனாள்.

சாயங்காலம் மதி நெத்திலி வாங்க வந்தாள். சாரா வஞ்சிரம் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தாள். அதை வாங்கின பட்டம்மாள் பாத்திரத்தோடு நின்றாள். தலையை நிமிர்த்தாமலே சாரா சொல்லத் தொடங்கினாள். சிவப்பு விளக்கு, வெறும் பக்கம், எண்ணெய், எல்லாம்.

மதி கேட்டது ஒன்றுதான். "ஒரு வருசமா தெனம் என் மூஞ்சப் பாத்துகினு மீன் வித்தியேக்கா?"

"வித்தேன்."

மதி பையைச் சுருட்டிக்கொண்டு நடந்துவிட்டாள். முனைவரை போனாள். அங்கே ஷேர் ஆட்டோ ஒன்று நின்று, போயிற்று. அவள் ஏறவில்லை. திரும்பி வந்து, காலி மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுச் சாராவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இந்த வருசம் எழ்த மாட்டேன். வாயால சொல்றேன். மாதாக்கு இல்ல, ஒனக்கு. அவன் போன்கூட பண்ண வேணாங்க்கா. போன எடத்துல, சாப்டியான்னு யாராச்சும் அவன ஒரு வார்த்த கேட்டா போதும்."

"யம்மா சாரா, என் மீனு காயிது" என்றாள் பட்டம்மாள்.

சாரா கத்தியைக் கீழே வைத்தாள். வாளித் தண்ணீரில் கை இரண்டையும் அமுக்கிச் செதில் போகத் தேய்த்துக் கழுவினாள். "இன்னொரு தபா சொல்லு" என்று மதியைப் பார்த்துத் திரும்பி, இடுப்பில் சொருகியிருந்த முந்தானையை உருவித் தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள்.